இரண்டரை இலட்சம் ஓடிய ஜீப்பை வாங்கலாமா?

மாத்தளையில் பழைய ஜீப்புக்கு விலை பேசப் போகிறவர்கள் கதவைத் திறந்ததும் மீற்றரைத்தான் பார்ப்பார்கள். ஒரு இலட்சம் கிலோமீற்றருக்குள் என்றால் முகம் மலரும். இரண்டரை இலட்சம் என்றால் தரகரிடம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். பிராடோ, மொண்டேரோ என்று பெரிய வாகனங்களிலேயே சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கிற சாரதி நான். என்னைக் கேட்டால், மீற்றரைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலம் முழுதும் நாட்டில் இருந்ததே ஓடியது, இருந்ததே கைமாறியது. திறந்த பிறகும் வரி காரணமாகப் புதிய சொகுசு ஜீப் நம் போன்றவர்களுக்கு எட்டாது. அதனால் பதினைந்து வருடப் பிராடோவுக்கும் கோடிக் கணக்கில் விலை சொல்கிறார்கள். அவ்வளவு பணம் கொடுக்கிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

வாகனத்தைச் சோதிக்க நம்முடைய மாவட்டம் போல இன்னொன்று கிடைக்காது. நாவுல, தம்புள்ளை பக்கம் வெயில் காய்ச்சும். ஏ9 வீதியில் ஒரே சீராக ஓட்டலாம். இந்தப் பக்கம் இரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டனுக்கு ஏறினால் வளைவுக்கு மேல் வளைவு, பனிமூட்டம், மழை. அங்கிருந்து இலுக்கும்புறைக்கு இறங்கும்போது பிரேக்குக்கு ஓய்வே கிடையாது. காலையில் சீகிரியா, மாலையில் ரிவர்ஸ்டன் என்று ஓடுகிற ஜீப் இந்த இரண்டையும் ஒரே நாளில் தாங்க வேண்டும். ஏ9இல் ஓடிய இரண்டரை இலட்சமும், இரத்தோட்டை மலையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முக்கி ஏறிய ஒரு இலட்சமும் ஒன்றாகாது. முதலாவதை நான் தயங்காமல் வாங்குவேன்.

எஞ்சின்களைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். லேண்ட் குரூஸரில் வந்த 4.2 லீற்றர் 1எச்இசட் டீசல் எஞ்சினுக்கு டர்போ இல்லை, இன்ஜெக்டரை ஆட்டிவைக்கும் கணினியும் இல்லை. ஒயிலும் தண்ணீரும் ஒழுங்காக இருந்தால் ஐந்து இலட்சம் கிலோமீற்றர் அதற்குப் பெரிய விஷயமே இல்லை. 90 வரிசைப் பிராடோவின் 3 லீற்றர் 1கேஇசட் எஞ்சினும் உறுதியானதுதான், ஆனால் சூட்டைத் தாங்காது. ஒருமுறை கொதித்தாலே சிலிண்டர் ஹெட் வெடித்துவிடும். அடுத்து வந்த 1கேடியில் பார்க்க வேண்டியது இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு சீல். அது கசிந்தால் எரிந்த வாயு உள்ளே இறங்கி ஒயிலைக் கரியாக்கும். அந்தக் கரி ஒயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிட்டால் எஞ்சின் ஒயில் இல்லாமல் ஓடிச் சாகும். வாங்குவதற்கு முன் சம்பைக் கழற்றி அந்தச் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை, பல இலட்சத்தைக் காப்பாற்றும். மொண்டேரோவின் 3.2 லீற்றர் 4எம்41 எஞ்சின் என்றால் காலையில் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, முன்பக்கம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் அந்த முதல் சில விநாடிகளில் சலசலக்கும். விற்பவர் ஏற்கெனவே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

எங்கள் மலையில் பழைய ஜீப்பை வீழ்த்துவது பெரும்பாலும் சூடுதான். அதை எனக்குப் புரியவைத்தவர் இரத்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு பாஸ். ஏற்றத்தில் சூட்டு முள் லேசாக மேலே போகிறது என்று வாகனத்தைக் கொண்டுபோனேன். முன்னால் ரெடியேற்றர் பளபளவென்று இருந்தது. அவர் மேல்மூடியைக் கழற்றி, ஏசி கண்டென்சருக்கும் ரெடியேற்றருக்கும் நடுவிலிருக்கும் விரலளவு இடைவெளியில் டோர்ச் அடித்தார். "தம்பி, முன்னால கழுவி என்ன செய்ய? நடுவுல பாருங்க" என்றார். புல் விதை, செத்த பூச்சி, நாவுல பக்கத்துச் செம்மண் தூசி எல்லாம் ஈரத்தில் ஒட்டி, காய்ந்து, கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. விரலால் இழுத்தால் உரிந்து வந்தது. அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் பிரித்துக் கழுவுகிறேன். விசிறியின் விஸ்கஸ் கிளட்சையும் அப்போதே பார்த்துவிடுவது வழக்கம். பழைய ஹோஸ்களை வெடிக்கும்வரை விட்டுவைப்பதில்லை. கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றிய வாகனமா என்று ரெடியேற்றர் மூடியைத் திறந்தாலே தெரியும், துரு நிறத்தில் சேறு படிந்திருக்கும்.

ஓட்டோ கியர்பொக்ஸ் ஒயிலை ஆயுள் முழுதும் மாற்றத் தேவையில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. நம் மலைக்கு அது பொருந்தாது. நான் நாற்பதாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வடித்துப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் அந்த கியர்பொக்ஸ் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறது. இறக்கத்தில் 'டி'யில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவதும் கூடாது. இரண்டு டன்னுக்கு மேல் எடை, ஏழு பேர், அவர்களின் பெட்டிகள். இரண்டாம் கியருக்கு இறக்கி எஞ்சினைக் கொண்டு பிடித்து வந்தால் பிரேக்கும் மிஞ்சும், ஆளும் மிஞ்சுவார்.

ஐரோப்பிய சொகுசு ஜீப்புகள் ஓட்டுவதற்கு அருமையானவை, அதில் சந்தேகமே இல்லை. ரிவர்ஸ்டன் வளைவுகளில் அந்தச் சுகத்தை வேறெந்த வாகனமும் தந்ததில்லை. ஒன்றரை இலட்சத்துக்குப் பிறகு மாத்தளையில் வைத்துப் பராமரிப்பதுதான் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாகிவிடும். காரணம் பெரும்பாலும் காற்றுச் சஸ்பென்ஷன். ரப்பர் பைகளில் மயிரிழை வெடிப்பு விழும், காற்று கசியும், அதை ஈடுகட்ட கம்பிரஷர் ஓயாமல் ஓடிக் கடைசியில் தானும் எரிந்துபோகும். தம்புள்ளை ஹோட்டலில் இரவு நிறுத்திய ஒரு வாகனம் காலையில் ஒரு மூலை மட்டும் சரிந்து சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வாங்கப் போகிறீர்கள் என்றால் சமதரையில் இரவு நிறுத்தச் சொல்லி, சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை நான்கு பக்கமும் அளவுநாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மறுபடி அளந்தால் உண்மை தெரிந்துவிடும். பிராடோ, மொண்டேரோ பாகங்களுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகள் இருக்கின்றன; ஐரோப்பிய ஜீப்புகளுக்கு அப்படிச் சுலபமாகக் கிடைப்பதில்லை.

சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு மூலையிலும் தண்ணீர் வடியும் துவாரம் உண்டு. மிளகுக் கொடி ஏறிய மரத்தடியில் நிறுத்துகிறோம். பொடி இலை போய் அடைத்துக்கொண்டால், மழைத் தண்ணீர் கம்பளத்துக்கும் வயருக்கும் இறங்கும். கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள்.

டீசலிலும் கஞ்சத்தனம் வேண்டாம். காமன் ரெயில் எஞ்சினுக்கு சுப்பர் டீசலே அடியுங்கள். 2022 தட்டுப்பாட்டில் கேனிலும் பீப்பாயிலும் வாங்கி ஊற்றிய வாகனம் என்றால் டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றினார்களா என்று கேளுங்கள்.

இனி மீற்றருக்கு வருவோம். அதைக் குறைத்து வைப்பது இங்கே கைவந்த கலை. ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள், அதில் ஏலத்தன்று ஓடியிருந்த தூரம் இருக்கும். பிரேக் பெடல் ரப்பர் வழவழத்து, சாரதி இருக்கையின் கதவுப்பக்க ஓரம் நசுங்கி, மீற்றர் மட்டும் எழுபதாயிரம் காட்டினால் நம்பாதீர்கள். சேர்விஸ் புத்தகத்தோடு மூன்று இலட்சம் என்று ஒளிக்காமல் சொல்கிறவரிடம் வாங்குவது எவ்வளவோ மேல்.

பணம் கொடுப்பதற்கு முன், மாத்தளை டவுனைச் சுற்றிக் காட்டுவதோடு விடாமல், ஏசி போட்டு, நான்கு பேரை ஏற்றி ரிவர்ஸ்டன் வரை ஏறி இறங்கிப் பாருங்கள். சூட்டு முள் அசையாமல், கியர் தட்டாமல், பிரேக் வாடை இல்லாமல் இரத்தோட்டைக்குத் திரும்பினால் வாங்குங்கள். அந்த ஏற்றத்துக்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் வேறு ஜீப் தேடுங்கள்.