மலையும் மின்கலமும்

புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டர் விற்பனையாளர் கூறிய தூரத்திற் பாதியிலேயே களைத்து நின்றால், நாம் உடனே மின்கலத்தைப் பழிக்கின்றோம். பெரும்பொருள் செலவிட்டு அதனை மாற்றவும் முனைகின்றோம். காரணம் அறியாது செய்யும் செலவு வீண்செலவே. காரணங்கள் மூன்று: மலை, குளிர், பழுது.

முதலாவது மலை. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. வண்டியும் இருவருமாக 200 கிலோகிராம் பாரத்தை இந்த 600 மீற்றர் உயர்த்துவதற்கு மட்டும் 0.33 அலகு மின்சாரம் வேண்டும். 60 வோல்ற்று, 20 அம்பியர்-மணி மின்கலத்தொகுதியில் அடங்குவதோ 1.2 அலகே. ஆகவே, கால்பங்கிற்கு மேற்பட்டதை ஏற்றமே உண்டுவிடுகின்றது.

இரண்டாவது குளிர். ஈய அமில மின்கலம் 25 பாகை செல்சியசில் தரும் கொள்ளளவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினை 15 பாகையில் இழக்கும். வெப்பம் ஏறியதும் அது மீளும். லிதியம் மின்கலத்தை உறைபனிக் குளிரில் மின்னேற்றுதல் ஆகாது.

மூன்றாவது பழுது. டயர்களின் காற்றழுத்தத்தை அளக்குக. முன்சில்லைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் உராய்கின்றதா எனக் காண்க. பின்னர், ஈய அமிலத் தொகுதியாயின், வண்டி பாரமிழுக்கையில் ஒவ்வொரு 12 வோல்ற்று மின்கலத்தையும் வோல்ற்றுமானியால் அளக்குக. ஏனையவற்றினும் மிகத் தாழ்வதே பழுதுற்றது.

இவற்றை எளிதிற் பிரித்தறிய வழியொன்றுண்டு. வண்டி புதிதாயிருக்கும்போதே, கிறகரி வாவியோரம் போன்றதொரு சமவீதியில், ஒரே பாரத்துடன் அது ஓடும் தூரத்தைக் குறித்து வைக்குக. பின்னாளில் அத்தூரம் குறையாதிருப்பின், குற்றம் மின்கலத்தினதன்று, மலையினதே.