மனப்பாங்கும் சமூக நடத்தையும்

"தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. மனப்பாங்கு பற்றி உளநூல் கூறுவனவற்றை நோக்குமிடத்து, இவ்வாக்கின் முற்பாதி நன்கு பொருந்துகின்றது. பிற்பாதி முற்றும் பொருந்துவதன்று. தொட்டிலிற் கற்றதைப் பின்னர் மாற்றவும் இயலும். ஆசிரியத் தொழிலுக்கு ஆதாரமான நம்பிக்கையும் அதுவே. இதனை நமது கண்டி மண்ணில் வைத்தே ஆராய்வோம்.

மனப்பாங்காவது யாது? ஒரு பொருளையோ, ஆளையோ, கூட்டத்தையோ குறித்து விருப்புடனோ வெறுப்புடனோ நடந்துகொள்ள ஆயத்தமாய் நிற்கும் உள்ளத்தின் நிலையே மனப்பாங்கு ஆகும். நம்பிக்கை, உணர்ச்சி, செயல்நாட்டம் என அதன் கூறுகள் மூன்று. நாயைக் கண்ட சிறுவனுக்கு, அது கடிக்கும் என்பது நம்பிக்கை, நடுக்கம் உணர்ச்சி, ஓட முனைதல் செயல்நாட்டம்.

மனப்பாங்கு பெரிதும் கற்றுக்கொள்ளப்படுவதே. பெற்றோர் பேச்சு, கூட்டாளிகளின் போக்கு, சொந்த அநுபவம் ஆகியன அதனைக் கற்பிக்கும் ஆசான்கள். இவற்றுள் அநுபவம் பலகால் கடைசியிலேயே வந்துசேர்கின்றது. 'தோட்டக்காட்டான்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நகரத்துப் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளையுடன் ஒரு நாளேனும் விளையாடுமுன்பே, தலை வாராதபோதும் உரத்துப் பேசியபோதும் அச்சொல்லை வசையாகக் கேட்டுவிடுகின்றது. ஆளைக் காணுமுன்னரே இகழ்ச்சி வந்துவிடுகின்றது. பின்னர் வகுப்பறையில் அவனைக் கண்டால், சொல்லுக்குப் பொருந்துவனவே கண்ணிற் படும், பொருந்தாதன படா.

இச்சொல்லாற் சுட்டப்பட்டோர் யாவர்? கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்த 1820கள் தொட்டும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் தேயிலை பயிரிட்டதன் பின்னரும், தம் உழைப்பால் இம்மலைநாட்டை வளம்படுத்தியோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமே. ஆயினும், 'வந்தவர், போகவேண்டியவர்' என்னும் மனப்பாங்கு அவர்மேற் படிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக ஏறக்குறைய 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே பெரும்பாலும் முடிவு கட்டிற்று. மனப்பாங்கு சட்டத்துக்கு வழி செய்தது. சட்டமோ அம்மனப்பாங்குக்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

இதனினும் கொடிய விளைவு, இகழப்பட்டவன் அவ்விகழ்ச்சியைத் தானே ஏற்றுக்கொள்வதாகும். "ஊர் எது?" என வினவினால், தோட்டத்தின் பெயரை மறைத்து, "கண்டி" என்கின்றான். ஆசிரியர் அவனிடம் எளிய வினாக்களையே கேட்கின்றார். நாளடைவில் அவன் மௌனியாகின்றான். அம்மௌனமே அவனது அறிவின்மைக்குச் சான்றாகின்றது.

எனினும், மனப்பாங்கு எப்பொழுதும் நேரே நடத்தையாகிவிடுவதில்லை. அமெரிக்காவிற் சீனர்மீது வெறுப்பு மிக்கிருந்த 1930களின் தொடக்கத்தில், லாப்பியர் என்னும் அறிஞர் ஓர் இளஞ் சீனத் தம்பதியருடன் பயணஞ் செய்தார். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றே அவர்களை மறுத்தது. பின்னர், "சீனரை ஏற்பீரா?" என அவர் கடிதமூலம் வினவியபோது, விடையளித்த 128 இடங்களிற் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை "ஏலோம்" என்றன. கடிதத்திற் பெயரை மறுத்தோர், எதிரில் வந்த முகத்தை மறுத்திலர்.

அவ்வாறாயின் அருகருகே வாழ்ந்தாற் போதுமோ? போதாது. பல்லினத்தாரும் நெடுங்காலம் அயலவராய் வாழும் இக்கண்டிப் பகுதியிலேயே 1983 யூலையிலும், திகனை முதலிய இடங்களில் 2018 மார்ச்சிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 1954இல் முஸாபர் ஷெரிப் என்பார் அமெரிக்க ஒக்லகோமா மாநிலத்துப் பாசறையொன்றிற் சிறுவரை இரு குழுக்களாக்கிப் போட்டியிடச் செய்தார். விரைவிலேயே பகை மூண்டது. ஒரே கூடத்தில் உணவளித்தபோது அவ்வுணவையே எறிந்து சண்டையிட்டனர். குடிநீர் தடைப்பட்டு, இரு குழுவினரும் கூடி உழைத்தாலன்றி நீர் வாராது என்பன போன்ற நிலைகள் அடுத்தடுத்து நேர்ந்த பின்னரே பகை தணிந்தது. அதே ஆண்டில் கோர்டன் ஒல்போர்ட் என்னும் அறிஞர், தப்பெண்ணம் குறைவதற்குச் சமநிலை, பொது நோக்கம், கூட்டுழைப்பு, அதிகாரமுடையோரின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டுமென எடுத்துரைத்தார்.

இந்நான்கும் ஒருங்கே அமையத்தக்க இடம் பாடசாலையைப் போற் பிறிதில்லை. வாணி விழா நாடகத்திற் தோட்டத்து மாணவனுக்குத் திரை இழுக்கும் வேலையே ஒதுக்கப்படின், அது கூட்டுழைப்பாகலாம், சமநிலையாகாது. அவனுக்கும் முதன்மைப் பாத்திரம் கிட்டுதல் வேண்டும். வசைச்சொல் எழும்போது ஆசிரியர் கேளாதார் போல் இருப்பின், அம்மௌனத்தையும் மாணவர் ஆதரவாகவே கொள்வர்.

பழைய மாணவராகிய நீவிர் இன்று பெற்றோராகவும், வணிகராகவும், அலுவலராகவும் விளங்குகின்றீர். பிள்ளைகள் உம் அறிவுரையினும் உம் பேச்சையே மிகுதியாகக் கற்கின்றனர். இல்லத்தில் அச்சொல்லை ஒழியுங்கள். வேலைக்கு ஆள் தெரியும்போது முகவரியை நோக்காது தகைமையை நோக்குங்கள். மனப்பாங்கு மாறிய பின்னரே நடத்தையை மாற்றுவோம் எனக் காத்திருத்தல் வேண்டா. நடத்தையை முதலில் திருத்துவோமாயின், மனப்பாங்கும் நாளடைவில் அதன் வழிச் செல்லும்.