இரும்புக் காப்பும் இரத்தச் சோகையும்
(சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

முகம் வெளுத்து, கை கால் ஓய்ந்து, சிறிது நடந்தாலும் மூச்சிரைக்கும் ஸ்திரீகள் நமது கிராமங்களில் பலர். இரும்புச் சத்துக் குறைவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். இதற்குப் பரிகாரமாக இரும்புக் காப்பையோ செப்பு மோதிரத்தையோ அணிவோர் உண்டு. அணிகலனாக அணிவது அவரவர் விருப்பம். அது மருந்தாகுமா என்பதே கேள்வி.

1. தோல் ஒரு வேலி. உலோகம் வியர்வையிற் சிறிது கரைந்தாலும், குறையைத் தீர்க்கும் அளவு அத்தோலைக் கடந்து இரத்தத்திற் சேர்வதில்லை. செப்பு வளையம் பதித்த பச்சைக் கறை தோலின் மேற்கறையே, கழுவினால் போய்விடும். இரும்பு உடலிற் சேருமிடம் சிறுகுடலின் முற்பகுதி. அதற்கு வாயே வழி.

2. செம்பு மூட்டுவலியைப் போக்கும் என்ற எண்ணம் மேனாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தார் முடக்குவாத நோயாளர் 70 பேருக்குச் செப்பு வளையத்தையும் போலி வளையத்தையும் மாறி மாறி அணிவித்துச் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். செம்பினால் தனிப்பயன் காணப்படவில்லை.

3. வேதாரண்யத்தார்க்கு உப்பளமே இப்பாடத்தைக் கற்பிக்கும். 1930 ஏப்ரல் 30ஆம் தேதி ராஜாஜி உப்பெடுத்த இக்கரையில், வாழ்நாளெல்லாம் உப்பில் நின்று உழைப்போர் உண்டு. எனினும் பாத்தியில் விளையும் உப்பில் அயோடின் மிகச் சொற்பம். அக்குறையால் கழுத்துக் கழலை உண்டாகும். கர்ப்பத்திலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சி குன்றும். அதனாலன்றோ அயோடினை உப்பிற் கலந்து உண்ணச் செய்கின்றனர்! அது கலவாத உப்பை உணவுக்கு விற்பது 2006 மே மாதம் முதல் தடுக்கப்பட்டுள்ளது. சத்து உணவோடு சேர வேண்டும் என்பதே இதன் கருத்து.

4. தோல் வழியே இரும்பு புகாது. ஆனால் இரும்பைக் கவரும் கொக்கிப்புழு புகும். மலத்தால் மாசடைந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் பாதத்தைத் துளைத்துக் குடலை அடைந்து, அது இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஆகவே காப்புக்குச் செலவிடும் பணத்தைக் காலணிக்குச் செலவிடுவது மேல்.

செய்யத்தக்கவை:
(அ) முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, மீன், ஈரல் இவற்றை இயன்றவாறு உண்க. உடன் நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை சேர்த்தால் இரும்பு நன்கு உட்கொள்ளப்படும். உணவோடு காப்பி, தேநீர் வேண்டாம்.
(ஆ) புளிக்குழம்பை இருப்புச் சட்டியில் வைத்தால் சிறிது இரும்பு குழம்பில் இறங்கும். இரும்பு கையில் இருப்பதினும் சட்டியில் இருப்பது நலம்.
(இ) கர்ப்பிணிகள் நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாட்கள் இரும்பு மாத்திரை உட்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். இரத்தப் பரிசோதனையும் அங்கேயே உண்டு.
(ஈ) கழிப்பிடத்தை உபயோகித்தும், மருத்துவர் கூறியபடி பூச்சி மாத்திரை உட்கொண்டும் புழுவை ஒழிக்க.

காப்பை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் கர்ப்பிணிக்குப் பிரசவத்தில் சிறிது உதிரப்போக்கும் உயிருக்கு அபாயமாகலாம். ஆதலால் அங்கத்தினர்கள் இப்பாடத்தைச் சங்கக் கூட்டத்தில் வாசிப்பதோடு நில்லாமல், வீட்டிலுள்ள ஸ்திரீகளுக்கும் எடுத்துரைப்பார்களாக.