ஓடுகிறது என்பதற்காக வைத்திருக்கலாமா?

எங்கள் பள்ளிக் கணினி அறையில் விண்டோஸ் 7 கொண்ட கணினிகள் ஆறு இருந்தன. "நன்றாகத்தானே ஓடுகின்றன, ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

ஒருநாள் எட்டாம் வகுப்பின் உதவித்தொகைப் பட்டியலை அதில் தட்டச்சு செய்து, பென்டிரைவில் அலுவலகக் கணினிக்குக் கொண்டு சென்றேன். திறந்தால் கோப்புறைகளுக்குப் பதில் வெறும் ஷார்ட்கட்டுகள். வைரஸ்! கோப்புகளை மீட்டுவிட்டோம். ஆனால் அதில் இருந்த பெற்றோரின் வங்கிக் கணக்கு எண்களும் கைப்பேசி எண்களும் வெளியே போயிருக்குமோ என்ற கவலை நெடுநாள் இருந்தது.

இயங்குதளம் ஓடுவது வேறு, பராமரிக்கப்படுவது வேறு. எந்த இயங்குதளத்திலும் புதிது புதிதாகப் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். ஆதரவு உள்ளவரை நிறுவனம் அவற்றை அடைத்துத் தரும். ஆதரவு முடிந்தபின் ஓட்டை திறந்தே கிடக்கும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது.

ஆதரவு இருந்தால் மட்டும் போதாது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' உலகெங்கும் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. திருத்தத்தை நிறுவாத விண்டோஸ் 7 கணினிகளே பெரும்பாலும் சிக்கின.

அதன்பிறகு ஒவ்வொரு கணினிக்கும் நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

1. இதற்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தம் வருகிறதா?
2. இது இணையத்திலோ பிற கணினிகளுடனோ இணைகிறதா? பென்டிரைவும் இணைப்புதான்.
3. மாணவர் விவரம் எதுவும் இதில் உள்ளதா?

முதல் கேள்விக்கு 'இல்லை', மற்ற இரண்டில் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றால், அந்த இயங்குதளத்துக்கு ஓய்வு தரும் நேரம் வந்துவிட்டது.

இயங்குதளத்துக்குத்தான் ஓய்வு, கணினிக்கு அல்ல. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் தேவை. பல பழைய கணினிகளில் அது இருக்காது. எங்கள் ஆறில் நான்கில், தேவையான கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு லினக்ஸ் நிறுவினோம். லிப்ரே ஆபிஸில் மாணவர்கள் தமிழில் தட்டச்சு செய்கிறார்கள். லினக்ஸுக்கும் முடிவு நாள் உண்டு. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 5 ஆண்டுகள். அந்த நாளை இருப்புப் பதிவேட்டிலேயே எழுதி வைத்துள்ளோம்.

மீதி இரண்டில் ஒன்று, இணையமும் பென்டிரைவும் இல்லாமல் தட்டச்சுப் பயிற்சிக்கு மட்டும் உதவுகிறது. பழுதான மற்றொன்றை, வன்தட்டை முழுமையாக அழித்த பிறகே மின்கழிவில் சேர்க்கப் பட்டியலிட்டோம். கோப்பை 'டெலீட்' செய்தால் மட்டும் விவரம் அழிந்துவிடாது.

நாளை உங்கள் கணினி அறைக்குச் செல்லும்போது, ஒவ்வொரு கணினியிலும் எந்தப் பதிப்பு உள்ளது என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். பெற்றோர் நம்மை நம்பித் தந்த விவரங்களைக் காக்கும் வேலை அந்தத் தாளில் தொடங்குகிறது.