படத்தை வெட்டி ஒட்டப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பழைய நகைச்சுவைக் காட்சிகளை வெட்டிப் போட்டு யூடியூப் சேனல் தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். தொடங்கு. ஆனால், வெட்டுவது மட்டும் வேலை ஆகாது.

நேசமணி விஷயத்தையே எடுத்துக்கொள். 2001இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் கான்ட்ராக்டர் நேசமணியான வடிவேலுவின் தலையில், ரமேஷ் கண்ணா கைநழுவவிட்ட சுத்தியல் விழும். 18 வருடம் கழித்து, 2019 மே மாதம், ஃபேஸ்புக்கில் பொறியியல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. நம் ஆள் ஒருவர் பெயரைச் சொன்னதோடு விடவில்லை. ஜமீன் பங்களாவில் நேசமணியின் மண்டையை உடைத்தது இதுதான் என்று சிரிக்காமல் எழுதினார். இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் விசாரித்தார். அடுத்த ஓரிரு நாளில் ‘ப்ரே ஃபார் நேசமணி’ ட்விட்டரில் உலக அளவில் ட்ரெண்டிங்! (அப்போது வடிவேலு திரையில் அதிகம் இல்லை; மீம்களில்தான் இருந்தார்.)

அந்தப் பதிலில் படத்தின் ஒரு ஃப்ரேம்கூடக் கிடையாது. காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். பழைய அடியை இன்று காலை நடந்த விபத்துபோலச் சொன்னாரே, அதுதான் அவர் போட்ட சரக்கு. உன் சரக்கு என்ன?

அது இல்லாமல் காட்சியை அப்படியே ஏற்றினால் யூடியூபின் கன்டென்ட் ஐடி அடையாளம் கண்டுவிடும். உரிமையாளர் வீடியோவை முடக்கலாம், விளம்பர வருமானத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ‘நன்றி’ என்று கீழே போடுவதெல்லாம் அனுமதி வாங்கியதாகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. ஆகவே காட்சி கொஞ்சமாகவும் உன் பேச்சு அதிகமாகவும் இருக்கட்டும். உரிமைக்காலமான 60 வருடத்தைத் தாண்டிய படம்தானே என்றும் அசந்துவிடாதே. 1961இல் வந்த ‘பாசமலர்’ படத்தின் உரிமைக்காலம் 2021 முடிவோடு தீர்ந்தது. 1981இல் மறைந்த கண்ணதாசன் அதற்கு எழுதிய பாட்டு வரிகளுக்கோ 2041 வரை உரிமை உண்டு.

எனக்குத் தோன்றும் ஒரு யோசனை: ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தை அதன் இயக்குநர் சித்திக்கே முன்பு 1999இல் மலையாளத்தில் எடுத்தார். அங்கே கான்ட்ராக்டர் ஜெகதி ஸ்ரீகுமார். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யார் எங்கே சிரிக்கவைக்கிறார் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பு. எழுத ஒன்றும் வரவில்லையென்றால் வேறு காட்சியைத் தேடு. எடிட்டிங் ஆப்பைத் திறக்காதே.

அன்புடன்,
அண்ணன்