தொங்கல் தொகுதி: பிக்கப் வாகனத்தின் பின்புற இலைவில் தாங்கிகளை மாற்றுதல்

மாணவர்களே, ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வாகனமொன்றின் பின்புறத்தில் குனிந்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, சற்று வளைந்த உருக்குத் தகடுகள் இரு பக்கங்களிலும் இருப்பதை அவதானிக்கலாம். இதுவே இலைவில் ஆகும். கராஜ்களில் ஸ்பிரிங் பிளேட் என்பார்கள். இதன் நடுப்பகுதி யூ வடிவ போல்ட்டுகளினால் பின் அச்சுடன் பிணைக்கப்பட்டிருக்கும். நீளமான தகட்டின் இரு அந்தங்களும் சுருட்டப்பட்டுக் கண்களாக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கண்ணினுள்ளும் இறப்பர் புஷ் ஒன்று உண்டு.

இரு கண்களும் அடிச்சட்டத்துடன் ஒரே விதமாக இணைக்கப்படுவதில்லை. இப்பாடத்தின் மற்றெல்லாம் இவ்வேறுபாட்டிலிருந்தே விளங்கும்.

முன் கண், ஹெங்கர் எனப்படும் அசையாத தாங்கியில் ஒரு போல்ட்டினால் பொருத்தப்படும். பின் கண், செக்கிள் எனப்படும் இரு சிறு பட்டைகளின் ஊடாகத் தொங்கும். செக்கிள் முன்னும் பின்னும் ஊசலாடக்கூடியது. சுமை ஏறும்போது வளைந்த வில் நிமிர்கின்றது; அதனால் இரு கண்களுக்கும் இடையிலான தூரம் கூடுகின்றது. இரு அந்தங்களும் அசையாது பூட்டப்பட்டிருந்தால் வில் நிமிர முடியாது. கூடும் தூரத்துக்கு இடங்கொடுப்பதே செக்கிளின் தொழில்.

அப்படியாயின் முன் தாங்கியின் தொழில் என்ன? "வில்லைத் தாங்குதல்" என்று மட்டும் எழுதினால் விடை பூரணமாகாது. பின் சில்லுகள் வாகனத்தை முன்னோக்கித் தள்ளும் விசையும், தடுப்பைப் பிரயோகிக்கும்போது எழும் விசையும் இத்தாங்கியின் ஊடாகவே அடிச்சட்டத்தை அடைகின்றன. அச்சை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதும் இதுவே.

கணிப்பு ஒன்று

இலைவில் ஒன்றின் கண்களுக்கு இடையிலான தூரம் 1200 மி.மீ. அச்சு, முன் கண்ணிலிருந்து 500 மி.மீ. தூரத்தில் உள்ளது. வில் தாங்கும் சுமை 6000 நியூற்றன். செக்கிள் நிலைக்குத்தாக உள்ளதெனக் கொள்க. பின் கண் பற்றித் திருப்பம் எடுத்தால், முன் தாங்கியிலுள்ள விசை 6000 × 700 ÷ 1200 = 3500 நியூற்றன். பின் கண்ணுக்கு எஞ்சுவது 2500 நியூற்றன். அச்சு நடுவில் இல்லாதபோது அதற்குக் கிட்டிய தாங்கியே கூடுதலாகச் சுமக்கின்றது. தள்ளு விசையும் அதே தாங்கியிற்தான் தாக்குகின்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தேய்வை அறிதல்

மீன்பெட்டி ஏற்றும் பிக்கப்பை நினைத்துக்கொள்ளுங்கள். உருகிய ஐசுடன் கலந்த உப்புநீர் அடிச்சட்டத்தின் பின்பகுதியில் வடிகின்றது. சேறு தாங்கியின் மடிப்புகளிற் தங்கி ஈரத்தைக் காக்கின்றது. துரு அங்கே விரைவாகப் பிடிக்கும். புஷ் நசிந்து போனால் போல்ட் கண்ணினுள் ஆடி, துளையை நீள்வட்டமாக்கும். வாகனம் புறப்படும்போதும் தடுப்பைப் பிரயோகிக்கும்போதும் பின்புறத்தில் "டக்" என்ற ஓசை கேட்கும்.

இதைவிட ஆபத்தானது அச்சு சரிதல். ஒரு பக்கத் தாங்கி தளர்ந்து, அப்பக்க வில் 10 மி.மீ. பின்னே நகர்ந்தது என்போம். இரு விற்களுக்கும் இடையிலான தூரம் 1000 மி.மீ. எனின், அச்சின் சரிவு 100இற்கு 1 ஆகும். அதாவது பின் சில்லுகள் ஒவ்வொரு மீற்றர் ஓட்டத்துக்கும் 10 மி.மீ. பக்கவாட்டில் செல்ல முனையும். சாரதி சுக்கானைத் திருப்பிப் பிடித்தபடியே ஓட்ட நேரிடும், டயரும் தேயும். முன், பின் சில்லுகளின் மையங்களுக்கிடையிலான தூரத்தை இரு பக்கமும் நாடாவால் அளந்து ஒப்பிட்டால் இது வெளிப்படும்.

மாற்றும் முறை

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாளே ஊடுருவும் எண்ணெய் இடுதல் நன்று. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பின்புறத்தை உயர்த்தி, அடிச்சட்டத்தின் கீழ் இரு ஸ்டாண்டுகளை வைத்து அவற்றின்மீது இறக்குக. ஸ்டாண்டுகளை அச்சின் கீழ் வைத்தால் வில் சுமையுடனேயே இருக்கும். போல்ட்டைக் கழற்றும்போது பாய்ந்து அடிக்கலாம். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் அடியிற் படுக்கக் கூடாது. அச்சின் பாரத்தை ஏந்த வேறொரு ஜக் வைக்கப்படும். தடுப்புக் குழாய் இழுபடுகின்றதா எனவும் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறுபக்கத்தைத் தொடுக. மறுபக்க வில் பூட்டியபடி இருந்தால் அச்சு இடம்பெயராது.

சில வாகனங்களில் ஹெங்கர் அடிச்சட்டத்துடன் ரிவெட் செய்யப்பட்டிருக்கும். ரிவெட்டின் தலையைக் கிறைண்டரால் அராவி, உளியால் தட்டி வெளியேற்றலாம். அருகிலேயே எரிபொருட் குழாயும் மின் கம்பிகளும் செல்வதால் தீப்பொறி படாதவாறு மறைப்பது அவசியம். கழற்றிய இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உலோகம் உதிர்ந்தால் புதிய தாங்கி பூட்டிப் பயனில்லை. முதலில் அடிச்சட்டமே திருத்தப்பட வேண்டும். நல்ல உலோகமாயின் துருவை நீக்கித் துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, உற்பத்தியாளர் குறிப்பிடும் தரத்திலான போல்ட்டுகளாற் பூட்டுக. கடையிற் கிடைத்த சாதாரண போல்ட் போதாது. இறுகிய புஷ்ஷை எடுக்க வில்லின் கண்ணைச் சூடாக்கும் பழக்கமும் தவறானது. பதப்படுத்திய உருக்கு சூட்டினால் தன் பதத்தை இழக்கும்.

புதிய புஷ்ஷை இலகுவாக நுழைக்கச் சவர்க்கார நீர் போதும். சாதாரண கிறீஸ் இறப்பரைக் கெடுக்கும்.

இறுதி இறுக்கம்

கண் போல்ட்டுகளையும் செக்கிள் போல்ட்டுகளையும் முதலில் இலேசாக மட்டும் இறுக்குக. சில்லுகளைப் பூட்டி வாகனத்தைத் தரையில் இறக்கி, பின்புறத்தைச் சில தடவை அமுக்கி விட்ட பின்னரே முழுமையாக இறுக்க வேண்டும். இறுக்கியதும் இறப்பர் புஷ்ஷின் உட்குழல் தாங்கியுடன் நெரிந்து அசையாது நிற்கும். கண்ணின் அசைவை இறப்பர் முறுகியே ஏற்கின்றது. அச்சு தொங்கும் நிலையில் இறுக்கினால், வாகனம் தரைக்கு வந்தவுடன் இறப்பர் முறுகிய நிலையிலேயே எந்நேரமும் இருந்து விரைவிற் கிழியும். புதிய புஷ் சில மாதங்களில் போய்விட்டது எனச் சொல்வோர், பொருளைக் குறை கூறுமுன் எந்நிலையில் இறுக்கினார்கள் என எண்ணிப் பார்க்கலாம். இறுக்கும் முறுக்கத்தின் அளவு வாகனத்தின் சேவைக் கைந்நூலில் தரப்பட்டிருக்கும். சிறிது தூரம் ஓடிய பின் மீண்டும் சோதிக்கப்படும்.

பயிற்சி வினாக்கள்

1. செக்கிள் துருப்பிடித்து அசையாது இறுகிவிட்டால், சுமை ஏற்றும்போது இலைவில்லுக்கும் முன் தாங்கிக்கும் என்ன நேரும்? காரணம் தருக.

2. மேற்கூறிய கணிப்பில் அச்சு முன் கண்ணிலிருந்து 600 மி.மீ. தூரத்தில் இருந்தால் இரு கண்களிலும் உள்ள விசைகளைக் காண்க.

3. "வாகனம் ஸ்டாண்டில் இருக்கும்போதே எல்லா போல்ட்டுகளையும் முழுமையாக இறுக்கினால் நேரம் மிச்சம்" எனத் தொழில் பழகுநர் ஒருவர் கூறுகின்றார். அவருக்கு நீர் அளிக்கும் விளக்கத்தைப் படத்துடன் எழுதுக.