வேன் கூரையில் சோலார் பேனல்: லேப்டாப்புக்கு மின்சாரம்

உங்கள் லேப்டாப் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்பது போலச் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் சுமார் 65 வாட். வேன் மீது சோலார் பேனல் பொருத்தும் வேலை இந்த லேபிளில்தான் தொடங்குகிறது.

குன்னூரில் என் சித்தப்பாவிடம் ஒரு பழைய வேன் உள்ளது. ஞாயிறுதோறும் இரண்டு லேப்டாப்களுடன் எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு டைப்பிங்கும் எக்செலும் சொல்லித் தருகிறோம். "நீ இன்ஜினியர்தானே, வயரிங்கை நீயே பார்த்துக்கோ" என்றார் சித்தப்பா. நான் படித்ததோ சாஃப்ட்வேர்!

ஓடும் வண்டியில் பேனல் புதிதல்ல. 2017 ஜூலையில் டெல்லியில் ஓடத் தொடங்கிய சோலார் டெமு ரயிலின் பெட்டிகள் சென்னை ஐ.சி.எஃப்.பில் தயாரானவை. விளக்கும் ஃபேனும் கூரை பேனல் மூலம் இயங்கும்படி அவற்றை அமைத்தார்கள்.

இனி கணக்கு. 65 வாட் என்பது உச்ச அளவு. டைப் செய்யும்போது 30 வாட் போதும். 2 லேப்டாப், 4 மணி நேரம் என்றால் 240 வாட்-ஹவர். 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில், இழப்பு போக, ஏறக்குறைய 350 வாட்-ஹவர் தரும். ஜூன் மழையில் பாதிகூட வராது. அதனால்தான் 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி வைத்தோம். லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் செலவழித்தால் அதன் ஆயுள் குறையும்.

கூரைத் தகட்டில் துளை போடாமல், கேரியர் கம்பிகளில் போல்ட், லாக் நட் போட்டுப் பேனலை இறுக்கினோம். அடியில் காற்று போக இரண்டு விரல் இடைவெளி வேண்டும், சூடானால் பேனலின் திறன் குறையும். நீலகிரி 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் படுக்கையாக வைத்தாலே போதும். சாய்வை விட நிழல்தான் எதிரி. தேயிலைத் தோட்டத்தில் எங்கு நிறுத்தினாலும் சில்வர் ஓக் மரம் நிற்கும். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே உற்பத்தி மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும்.

நான் தவறு செய்தது வயரில். வீட்டில் மீந்த 1.5 சதுர மி.மீ. வயரைப் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு இழுத்தேன். இரண்டு லேப்டாப்பும் சார்ஜ் ஏறத் தொடங்கியதும் இன்வெர்ட்டர் 'பீப்' என்று கத்தி அணைந்தது. பேட்டரி நன்றாகவே இருந்தது. 130 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 11 ஆம்பியருக்கு மேல் ஓடும். மெல்லிய, நீளமான வயரிலேயே ஒரு வோல்ட் காணாமல் போயிருந்தது.

வயரை மாற்றக் கழற்றியபோதுதான் பயந்துபோனேன். அதற்கு முந்தைய வாரம் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி மலைப்பாதையில் போய்வந்திருந்தோம். தகட்டுத் துளையின் விளிம்பில் உரசி உரசி, வயரின் மேலுறை கிழிந்து செம்பு தெரிந்தது. பியூஸ் போடவில்லை. அது பாடியில் பட்டிருந்தால் பேட்டரியின் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் அந்த இடத்தில் பாய்ந்து தீப்பிடித்திருக்கும். பின் சீட்டில் ஆறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது 6 சதுர மி.மீ. வயர், துளையில் ரப்பர் புஷ், பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் பியூஸ். பியூஸ் பேட்டரியிலிருந்து தள்ளி இருந்தால், இடையில் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை. கழற்றும்போது பேனலை முதலில் எடுங்கள். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுவிடும்.